இரண்டு பட்டியல்களும் ஒரு காய்ச்சலும்

என் மகளுக்கு ஏழு வயதாக இருந்தபோது, ஒரு ஜூலை மாத மழையில், அவளுக்கு இரண்டு நோய்கள் வந்திருப்பதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் வந்தது ஒன்றுதான். அது எனக்குத் தெரிய ஒன்றரை நாள் ஆயிற்று. அதற்குள் அவள் கண்கள் உள்ளே போய்விட்டன. இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. நன்றாக இருக்கிறாள், என்னை எதிர்த்துப் பேசுகிறாள், கதவைச் சாத்திக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள். ஆனாலும் மழைக்காலத்தில் அவள் ஒரு தும்மல் போட்டால் போதும், என் பார்வை முதலில் அவள் உதட்டுக்குத்தான் போகிறது, காய்ந்திருக்கிறதா என்று.

அது தொண்ணூறுகளின் கடைசி. நாங்கள் புனே பக்கம் நிக்டியில், தொழிற்சாலை ஊழியர்கள் அதிகம் இருக்கும் ஒரு காலனியில், இரண்டாவது மாடியில் குடியிருந்தோம். எனக்கு வேலை, வண்டி உதிரி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியின் இன்ஸ்பெக்‌ஷன் அறையில். வருகிற பாகங்களை அளந்து பார்த்து, சரியானதை அனுப்புவதும் சரியில்லாததைச் சிவப்புத் தொட்டியில் போடுவதும்தான் வேலை. ஒரு பாகத்துக்கு ஆறு அளவுகள் இருக்கும். ஐந்து சரியாக இருந்து ஒன்று தவறினாலும் சிவப்புத் தொட்டிதான். "பாவம், கொஞ்சம்தானே" என்று யோசிக்கிறவன் இந்த வேலைக்கு ஆக மாட்டான் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நான் யோசிக்காமல் பதினைந்து வருடம் பழகியிருந்தேன்.

என் மனைவி அந்த வாரம் பொள்ளாச்சிக்குப் போயிருந்தாள். மாமனாருக்குக் கண் ஆபரேஷன். பத்து நாள் நானும் மகளும் மட்டும். புறப்படுவதற்கு முன் அவள் ஒரு பழைய மாதக் காலண்டர் தாளின் பின்புறத்தில் எல்லாவற்றையும் எழுதி, சமையலறை அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டுப் போனாள். பால்காரர் வரும் நேரம், சீருடை எந்த நாளுக்கு எது, கேஸ் தீர்ந்தால் யாரிடம் சொல்வது. அடியில் இரண்டு தலைப்புகள். ஒன்று 'சளி பிடித்தால்'. இன்னொன்று 'வயிறு கெட்டால்'. ஒவ்வொன்றின் கீழும் கொடுக்க வேண்டியவை, கொடுக்கக் கூடாதவை.

"ஏனுங்க, இதைப் பார்த்து அப்படியே செய்யுங்க. நீங்களா எதையும் கண்டுபிடிக்காதீங்க" என்றாள், ஆட்டோவில் பெட்டியை ஏற்றும்போது.

நான் அப்படியே செய்தேன். அதுதான் வினையாகப் போயிற்று.

புதன்கிழமை பள்ளியிலிருந்து வரும்போதே மகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. ரெயின்கோட் போட்டிருந்தாள், ஆனால் தலைமுடி நனைந்திருந்தது. மாலையில் இருமல். ஏழு மணிக்கு உடம்பு சுட்டது. வெப்பமானி வைத்துப் பார்த்துவிட்டு, என் வழக்கப்படி ஒரு பழைய நோட்டில் நேரமும் அளவும் குறித்துக்கொண்டேன். பட்டியலைப் பார்த்தேன். சளிக்கு மிளகு ரசம், மஞ்சள் போட்ட பால், சுக்குக் காபி கொடுக்கலாம். தயிர், மோர், இளநீர், வாழைப்பழம், இனிப்பு, பச்சைத் தண்ணீர் கூடாது. மிளகு ரசம் வைத்தேன். சுமாராக வந்தது. பாதி குடித்தாள்.

வியாழன் காலையில் பாலைக் குடித்ததும் அப்படியே வாந்தி எடுத்தாள். பிறகு "அப்பா, வயிறு வலிக்குது" என்று சுருண்டு படுத்தாள். பத்து மணிக்குள் மூன்று முறை வயிற்றுப்போக்கு. கம்பெனிக்கு லீவு சொல்லி அனுப்பினேன்.

எனக்கு உடனே ஞாயிற்றுக்கிழமை நினைவுக்கு வந்தது. அன்று மழை விட்டிருந்த நேரத்தில் ஸ்கூட்டரில் அவளை அழைத்துக்கொண்டு போனேன். வழியில், கரி அடுப்பில் சோளக்கதிர் சுட்டு எலுமிச்சம்பழமும் மிளகாய்ப்பொடியும் தடவிக் கொடுப்பார்களே, அந்த புட்டா ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இங்கே மழைக்காலம் என்றால் அதுதான் எங்களுக்குத் திருவிழா. மனைவி இருந்தால் விடமாட்டாள். அந்த எலுமிச்சைத் துண்டை எத்தனை பேருக்குத் தேய்த்திருப்பார்களோ! மழையால் சளி, புட்டாவால் வயிறு. இரண்டு காரணம், இரண்டு நோய். எனக்கு அதில் சந்தேகமே வரவில்லை.

அலமாரிக் கதவைத் திறந்து நின்றேன். வயிறு கெட்டால் மோர், இளநீர், வாழைப்பழம், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொடுக்கலாம். பால், காரம், மிளகு, காபி கூடாது. வயிற்றுக்குக் கொடு என்றதெல்லாம் சளிக்குக் கூடாது. சளிக்குக் கொடு என்றதெல்லாம் வயிற்றுக்குக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர்கூட இனிப்பு என்ற ஒரு சொல்லில் அடிபட்டுப் போயிற்று. ஒரு அளவில் தவறினாலும் சிவப்புத் தொட்டி. பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். அடிபடாமல் நின்றவை, எந்தப் பட்டியலும் தடுக்காத இட்லி, ரஸ்க், வெந்நீர். இட்லியை அவள் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனாள். வெந்நீர் அரை டம்ளர் கொடுத்தேன், வெளியே வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாய், ஒரு வாய் என்றுதான் கொடுத்தேன், அதுவும் அவள் கேட்டபோது. வயிறு காலியாக இருந்தால் வாந்தி தானே நின்றுவிடும் என்று நம்பினேன். மதியத்துக்குப் பிறகு அவள் கேட்கவும் இல்லை. நல்லதாயிற்று என்று நினைத்தேன். இதை எழுதும்போது கூசுகிறது.

எங்கள் வீட்டில் அப்போது தொலைபேசி கிடையாது. மனைவி மாலை ஏழு மணிக்குக் கீழ் வீட்டுக்குப் பேசுவாள். கீழ் வீட்டு அக்கா இதே புனேயில், கிர்க்கியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரர். அவர் அப்பா வட ஆர்க்காட்டிலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். கணவரும் அங்கேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அன்று அக்கா வீட்டில் இல்லை, அவர் கணவர்தான் கதவைத் திறந்தார்.

"கண்ணு எப்படி இருக்குது?" என்றாள் மனைவி.

"லேசா சளி. தூங்கறா" என்றேன்.

"சாப்பிட்டாளா?"

"இட்லி குடுத்தேன்" என்றேன். குடுத்தது உண்மை.

வயிற்றைப் பற்றிச் சொன்னால் புட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே அவளுக்கு அப்பாவின் கண் கவலை வேறு. சொல்லாமல் போனை வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, பொரி உருண்டை ஒன்றைத் தட்டில் வைத்துக்கொண்டு அக்கா மேலே வந்தார். மகளைப் பார்த்ததும் தட்டை டிவி மேல் வைத்துவிட்டார்.

"அரே! இன்னா தம்பி இது, கொழந்தை மூஞ்சி இப்டி சூக்கா, காஞ்சி போயிருக்குது? தண்ணி குட்ச்சாளா இல்லையா?"

"குடுத்தேன் அக்கா. அளவா."

"இன்னா அளவு? மருந்தா அது, அளந்து குடுக்க?" அவர் குனிந்து அவள் கன்னத்தைத் தட்டினார். "பாப்பா, ஏய் பாப்பா, ஆன்ட்டியைப் பாரு." மகள் கண்ணைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அழுவதுபோல முகம் கோணியது. கண்ணில் தண்ணீர் வரவில்லை. அதை அக்காதான் பார்த்தார். "அழுவுறா, கண்ணுல தண்ணி இல்ல. ஜல்தி கெளம்பு. ஸ்கூட்டர் வேணாம், நான் ஆட்டோ கூப்டுறேன்."

டாக்டரின் டிஸ்பென்ஸரி பத்து நிமிட தூரம்தான். ஐம்பது வயதைத் தாண்டிய மராத்திக்காரப் பெண்மணி, காலனியில் பாதிக் குழந்தைகள் அவர் ஊசிக்கு அழுதவர்கள். என்னிடம் இந்தியில்தான் பேசுவார். நான் நோட்டை நீட்டினேன். இரண்டு நாள் காய்ச்சல், நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை, தசமப் புள்ளியோடு. வாந்தி எத்தனை, போக்கு எத்தனை, நேரத்தோடு. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். மகளின் நாக்கைப் பார்த்தார், வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டுப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்து நெடுநேரம் கேட்டார்.

"கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தாள்?"

எனக்குத் தெரியவில்லை. நோட்டில் இல்லை. நேற்று மதியமா, காலையா? போக்கோடு போயிருக்கலாம். ராத்திரி முழுக்க எழுந்திருக்கவில்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

"எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு வேண்டியது மட்டும் இல்லை" என்றார் டாக்டர். திட்டவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

பட்டியல்களைப் பற்றிச் சொன்னேன். சளிக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று, இரண்டிலும் கூடாததை எல்லாம் நிறுத்திவிட்டேன் என்று. புட்டாவையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"யார் சொன்னது இரண்டு நோய் என்று? ஒன்றுதான். மூக்கில் ஆரம்பித்த அதே வைரஸ். எது என்று பெயர் சொல்லத் தெரியாது, தெரிந்தும் ஆகப்போவது ஒன்றுமில்லை. பெரியவர்களுக்கு மூக்கோடு போய்விடும். சின்னக் குழந்தைகளுக்கு வயிற்றையும் குழப்பும். சளியைத் துப்பத் தெரியாது, விழுங்குவார்கள், அது குமட்டும். கழுத்தில் நெறி கட்டுகிற மாதிரி வயிற்றுக்குள்ளும் கட்டும், அதனால்தான் வலி. குடலும் சரியாக வேலை செய்யாது."

"புட்டா?"

"இந்த வாரம் அவள் பள்ளியிலிருந்தே ஆறேழு குழந்தைகள் வந்துவிட்டார்கள். மூக்கும் ஒழுகுகிறது, வயிறும் போகிறது. எல்லாரும் நீங்கள் வாங்கிக் கொடுத்த புட்டாவையா சாப்பிட்டார்கள்?"

பக்கத்தில் நின்ற அக்கா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டாக்டர் தொடர்ந்து சொன்னதுதான் காதில் நின்றது. நெஞ்சு சுத்தமாக இருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. உடம்பில் தண்ணீர் குறைந்ததுதான் பிரச்சினை. இப்போதே உப்புச்சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும், வீட்டுக்குப் போய் அல்ல, இங்கேயே வெளி பெஞ்சில் உட்கார்ந்து. நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடியும். "நான் ஒரு மணி வரை இருப்பேன். அதற்குள் அவள் சிறுநீர் கழித்தால் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் சின்ச்வட் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதித் தருகிறேன். டிரிப் ஏற்ற வேண்டியிருக்கும்."

அப்போது மணி ஒன்பதே கால்.

கம்பவுண்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு உப்புச்சர்க்கரைப் பாக்கெட்டைக் கலந்து, எவர்சில்வர் சொம்பில் கொண்டுவந்து வைத்தார். நான் மகளை மடியில் சாய்த்துக்கொண்டேன். முதல் ஸ்பூன் உதட்டோரம் வழிந்தது. இரண்டாவதை விழுங்கினாள். மணிக்கட்டுக் கடிகாரத்தைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிடம், ஒரு ஸ்பூன். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு போட்டேன். பதினொன்றாவது ஸ்பூனில் வாந்தி எடுத்தாள். என் சட்டை நனைந்தது. கம்பவுண்டர் மாப்பை எடுத்துக்கொண்டு வந்து, என் சீட்டைக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"என்ன ஸாஹேப், இங்கேயும் ட்யூட்டியா? பதினொன்றும் ரிஜெக்ட் ஆகிவிட்டது போல" என்றார் இந்தியில்.

"நீ போய் உன் மருந்தைக் கலக்குப்பா" என்று அக்கா அவரைத் தமிழில் விரட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் போனார்.

பத்து நிமிடம் காத்திருந்தேன். வெளியே மழை, ஓரத்தில் ஆட்டோக்கள் நீரை வாரி அடித்துக்கொண்டு போயின. பெஞ்சில் ஒரு கைக்குழந்தை, ஒரு பையன், ரெயின்கோட்டோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண். எல்லாரும் இருமினார்கள். மறுபடி ஆரம்பித்தேன். இந்த முறை அக்கா என் கையிலிருந்து ஸ்பூனை வாங்கினார்.

"நீ வாட்ச்சையே பாக்குறே தம்பி. பாதி கீழ போவுது."

அப்போதுதான் பார்த்தேன், மகளின் சட்டைக் காலர் நனைந்திருந்தது.

அவர் ஊட்டினார், நான் நேரம் சொன்னேன். "ம்" என்பேன், ஒரு ஸ்பூன். "ம்." இருபது, முப்பது. வாந்தி வரவில்லை. ஐம்பதில் மகள் கையை நீட்டி சொம்பைத் தொட்டாள். "அப்டியே குடிக்கட்டுமா?" என்று கேட்டாள். இரண்டு நாளில் அவள் முழுதாகப் பேசிய முதல் வாக்கியம் அது. கம்பவுண்டர் உள்ளே போய்க் கேட்டு வந்து, ஒவ்வொரு மடக்காகக் கொடுக்கலாம் என்றார். ஒரு மடக்கு குடித்தாள். இன்னொரு மடக்கு. "உப்பா இருக்கு" என்று முகத்தைச் சுளித்தாள். அந்தச் சுளிப்பைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

ஆனால் மணி பதினொன்றரை ஆகியும் அவள் பாத்ரூம் கேட்கவில்லை. நான் கேட்டேன். தலையாட்டினாள், இல்லை என்று. பன்னிரண்டுக்குக் கேட்டேன். இல்லை. பன்னிரண்டே காலுக்குக் கேட்டபோது எரிச்சலாக "வரலைப்பா" என்றாள். உள்ளே டாக்டர் கடைசி நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரிச் சீட்டு, அந்தச் சின்னக் கையில் ஊசி தேடுவது, மனைவிக்கு என்ன சொல்வது, எல்லாம் மனதில் ஓட ஆரம்பித்தன. ஒரு வரி சொல்லியிருந்தால், நேற்று மாலை போனில் "வயிறும் சரியில்லை" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால், அவள் அங்கிருந்தே கத்தியிருப்பாள். பட்டியலைக் கிழித்துப் போடச் சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டரைக்குக் கொஞ்சம் பின்னால் மகள் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். காதில் ஏதோ சொன்னாள். அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போனார். நான் எழுந்து நின்றேன். மறுபடி வயிற்றுப்போக்காக இருக்குமோ என்று நினைத்தேன். பின் கதவுக்கு அருகே போய் நின்றேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன்.

கதவு திறந்தது.

"ஆயிடுச்சு தம்பி! நல்லா ஆயிடுச்சு! ஹோ கயா!" அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும். கம்பவுண்டர் கைதட்டினார். அப்போதுதான் வெளியே வந்த கடைசி நோயாளி சிரித்தார். டாக்டர் உள்ளிருந்தே, "சலோ, வீட்டுக்குப் போங்கள்" என்றார்.

என் மகள் அக்காவின் இடுப்பில் உட்கார்ந்தபடி முகம் சிவந்து, "ஏன் ஆன்ட்டி எல்லார்கிட்டயும் சொல்றீங்க?" என்று அழ ஆரம்பித்தாள். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது. நல்ல, பெரிய கண்ணீர். நான் அதைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கும் வழிந்தது என்று அக்கா பிறகு சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

மாலை ஏழு மணிக்கு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், புட்டா உட்பட. சொல்லச் சொல்ல, அங்கே பூத்தில் எஸ்டிடி மீட்டர் ஓடிக்கொண்டிருக்குமே என்று எனக்கு அதுவும் ஒரு கவலை.

"அது ஒரு சமயத்துக்கு ஒரு நோய்னு எழுதுனதுங்க" என்றாள் கேட்டு முடித்ததும். "ரெண்டையும் சேர்த்தா வெறும் வெந்நீர்தானே மிஞ்சும். புள்ளை முகத்தைப் பார்க்க மாட்டீங்களா? தாளையேவா பார்த்துட்டு நிப்பீங்க?" பிறகு, "இப்ப என்ன பண்றா?" என்றாள்.

"கீழ் வீட்டு அக்கா குடுத்த கஞ்சியை உப்பு போதலைன்னு சொல்லிட்டு இருக்கா."

அவள் சிரித்தாள், உடனே அழுதாள். மறுநாளே ரயிலேறிவிட்டாள். வந்ததும் முதல் வேலையாக அலமாரிக் கதவைத் திறந்து, என் பென்சில் கோடுகளைப் பார்த்து, அந்தத் தாளைப் பிய்த்தெடுத்தாள். ஒட்டிய இடத்தில் பசை இன்னும் இருக்கிறது. வேறு பட்டியல் எழுதவில்லை.

நான் நோட்டை விடவில்லை. டாக்டர் கேட்ட அந்தக் கேள்விக்காக ஒரு பத்தி மட்டும் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது. போன வாரம் மகளுக்கு மறுபடி இருமலும் காய்ச்சலும். இரண்டாம் நாள் வயிறும் பிரட்டியது. இந்த முறை நான் பயப்படவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் காலையிலிருந்து அவள் அறை வாசலில் சொம்போடு நான்கு முறை போய் நின்றேன். இளநீர் கொடுத்தேன், மோர் கொடுத்தேன், சளிக்கு ஆகாதென்று யாரும் தடுக்கவில்லை. அவள் எல்லாவற்றையும் குடித்தாள், நான் போய்த் தொலைந்தால் போதும் என்று. அவளுடைய தமிழ் இப்போது பாதி இந்தி ஆகிவிட்டது, பொறுமையும் பாதியாகிவிட்டது. மதியம் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பதுபோல் இருந்தேன். பாத்ரூம் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. நான் தலையைத் தூக்கவில்லை.

"அப்பா, ஹோ கயா" என்றாள், தன் அறைக்குள் போய்க்கொண்டே. "டைம் ரெண்டு பத்து. நோட்ல எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன்.